அவன் என் கையைத்தான் பார்க்கிறான்

வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 33. மகனுக்கு இரண்டரை வயது. 26 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 820 கிராம். பல வாரங்கள் வென்டிலேட்டரில் இருந்ததால் குரல்வளைக்குக் கீழே மூச்சுப்பாதை சுருங்கிவிட்டது என்று ஐந்தாவது மாதத்தில் மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டு டிராக்கியாஸ்டமி குழாய் வைத்தார்கள். பால், கஞ்சி எல்லாம் வயிற்றுக் குழாய் வழியாக. இரவில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட வேண்டும். காலில் விறைப்பு, இன்னும் நிற்கவில்லை. ஆனால் அவனுக்கு எல்லாம் புரிகிறது.

அவன் அழுதால் சத்தம் வராது. காற்று கழுத்தோடு வெளியே போய்விடுவதால் வாய் திறக்கும், முகம் சிவக்கும், கண்ணீர் வழியும், அவ்வளவுதான். அடுத்த அறையில் இருந்தால் எனக்குத் தெரியாது.

இரவு 8 மணியிலிருந்து காலை 8 வரை ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு 1,100 ரூபாய். கணவர் ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறார்; இந்தச் செலவுக்காகவே சாயங்காலம் இன்னொரு கடையிலும் வேலை. பத்தரை மணிக்கு வந்து, அறை வாசலிலேயே நின்று "தூங்கிட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். முன்பிருந்த சிஸ்டர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியின் அலாரம் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். குழாயில் சளி அடைத்து, பையன் வாய் திறந்தபடி காலை உதைத்துக்கொண்டிருந்தான், உதடு நீலம். ஆக்சிஜன் அளவு 78. சளியை உறிஞ்சும் சக்ஷனை நானே போட்டு எடுத்தேன். அந்தச் சிஸ்டர் பகலில் இன்னொரு வீட்டில் டியூட்டி பார்த்துவிட்டு நேராக வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஏஜென்சி வேறு ஆளை அனுப்பியது.

இப்போது வரும் பெண் தருமபுரிப் பக்கம், 24 வயது, நல்ல பெண். "அக்கா, நீங்க போய்ப் படுங்க" என்று தினமும் சொல்கிறாள். என்னால் முடியவில்லை. ஹாலில் உட்கார்ந்திருப்பேன். சளி சத்தம் கேட்டால் நான்தான் போய் எடுப்பேன். அவளைத் தொட விடுவதில்லை.

போன வாரம் அவள் கைதட்டிப் பாட்டுப் பாட, சத்தமில்லாமல் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே போனேன். சிரிப்பு நின்றுவிட்டது. முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். அன்று பாத்ரூமில் போய் அழுதேன்.

மூத்தவளுக்கு எட்டு வயது. அவளுக்குச் சளி பிடித்தால் தம்பிக்குத் தொற்றக் கூடாது என்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இப்போது இருமலை மறைக்கிறாள். தலையணையில் வாயை வைத்து இருமியதைப் பார்த்தேன்.

இன்னொன்று. எழுதவே கை கூசுகிறது. சில நாள் நாலு மணிக்கு, 'இதெல்லாம் முடிந்துவிட்டால் தூங்கலாமே' என்று தோன்றுகிறது. நான் என்ன அம்மா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாக எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாக விட்டு விட்டு மூன்று மணி நேரம் தூங்கும் உடம்பு நாலு மணிக்குக் கேட்பது தூக்கத்தை. பிள்ளையின் சாவை அல்ல. இதே வாக்கியத்தை, இதே கூச்சத்தோடு, என் எதிரில் உட்கார்ந்து சொன்ன அம்மாக்கள் பலர். ஆனால் ஒன்று: அந்த நினைப்பு 'நான் இல்லாமல் போனால் தேவலை' என்று உங்கள் பக்கம் திரும்பினாலோ, சிஸ்டரிடம் வேலையைக் கொடுத்த பிறகும் கண் மூட முடியாமலே போனாலோ காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

இனி அந்தக் கை விஷயம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. சக்ஷன், குழாய்க் கயிறு மாற்றுவது, காயம் துடைப்பது, எல்லாம் உங்கள் கையில். சிஸ்டரை நம்பி அதைக் கொடுப்பதில்லை. அப்படியென்றால் அவளுக்கு மிச்சம் என்ன? கைதட்டல், பாட்டு, கொஞ்சல். மாதம் 33,000 ரூபாய் கொடுத்து, வலிக்கிற வேலையை நீங்கள் வைத்துக்கொண்டு விளையாட்டை அவளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பையன் உங்களை வெறுக்கவில்லை, இந்தக் கை வந்தால் சளி உறிஞ்சும் கத்தீட்டர் குழாய் வரும் என்று கற்றிருக்கிறான். இரண்டரை வயதுக்குக் கெட்டிக்காரத்தனம்தான் அது.

ஆகவே இரவு சக்ஷனை அவளிடம் கொடுங்கள். 'நம்பு' என்று நான் சொன்னால் நம்பிக்கை வந்துவிடாது. உதடு நீலமானதைப் பார்த்த கண் அது, சும்மா சமாதானமாகாது. கண்ணுக்குக் காட்டித்தான் அதைச் சமாதானம் செய்ய வேண்டும். மூன்று இரவு நீங்கள் பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அவள் செய்வதைப் பாருங்கள். டாக்டர் குறித்துக் கொடுத்த அளவுக்கு மேல் கத்தீட்டர் உள்ளே போகிறதா, ஒரு தடவை 10 நொடிக்குள் முடிக்கிறாளா, நடுவில் பிள்ளையை மூச்சு வாங்க விடுகிறாளா. அப்புறம் ஒரு பொம்மையின் கழுத்தில் பழைய குழாயைக் கட்டி, 'இது கழன்றுவிட்டது, இப்போது என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். தலைமாட்டுப் பையில் அதே அளவில் ஒரு குழாய், அளவில் ஒரு படி சின்னது ஒன்று, கத்தரிக்கோல், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை. இருட்டில் கையை உள்ளே விட்டாலும் அவளுக்கு எது எங்கே என்று தெரிய வேண்டும்.

ஐப்பசியில் நடந்ததற்கும் ஒரு பூட்டுப் போடுங்கள். பகலில் வேறு டியூட்டி இல்லை என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். அலாரம் சத்தம் குறையக் கூடாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் மணிக்கொரு வரி: ஆக்சிஜன் அளவு, சளி எப்படி இருந்தது, எத்தனை தடவை எடுத்தாள். காலையில் அதைப் படித்தால் போதும், இரவில் ஐந்து முறை எட்டிப் பார்க்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேரத்தில் சிஸ்டருக்கும் அரை மணி ஓய்வு வேண்டும். யார் மாற்றி உட்காருவது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவளும் 24 வயதுப் பெண்தான்.

பிறகு 11 மணியிலிருந்து 1 மணிவரை, இரண்டே மணி நேரம், கதவைச் சாத்திப் படுங்கள். முதல் வாரம் தூக்கம் வராது. பரவாயில்லை, படுத்திருங்கள். அடுத்த வாரம் மூன்று மணி நேரம்.

அரை மணி ஓய்வுக்கு யார் என்றேன். உங்கள் கணவர்தான். இப்படிப்பட்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேருக்காவது முழுப் பயிற்சி இருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ நடைமுறை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? அவர் வாசலில் நிற்பதை அக்கறையில்லாததாக நீங்கள் படிக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. எனக்கு அது அவருடைய பயமாகப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை பகலில் சிஸ்டரை அரை நாள் வரச் சொல்லி அவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கற்றுக்கொடுக்காதீர்கள், சண்டையில்தான் முடியும்.

பணச் சுமைக்கு இரண்டு விஷயம். கால் விறைப்பை டாக்டர் பெருமூளை வாதம் என்று சான்று தந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியுண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். சிஸ்டரின் இரண்டு நாள் சம்பளம்கூட ஆகாது, தெரியும். இருந்தாலும் விடாதீர்கள்.

மூத்தவளைப் பற்றி நீங்கள் நாலு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது. அவள் கணக்குப்படி இருமல் என்பது வீட்டை விட்டுப் போவதற்கான குற்றம். உடம்பு நன்றாக இருக்கும்போதும் பாட்டி வீட்டுக்கு நீங்களே கூட்டிப்போய் ஒரு நாள் அவளோடு தங்குங்கள். சாதாரணச் சளிக்கு முகக்கவசம், கைகழுவல், தனி அறை போதுமா என்று டாக்டரிடம் கேட்டு, போதுமென்றால் அனுப்பாதீர்கள். அனுப்ப வேண்டிவந்தால் தினமும் ராத்திரி எட்டரைக்கு வீடியோ காலில் நீங்கள் பேச வேண்டும், தம்பியைப் பற்றி அல்லாமல்.

எட்டு மணி சிஸ்டர் வந்தவுடன் முதல் அரை மணி நேரம் உங்களுக்கும் பையனுக்கும். அந்த நேரத்தில் சளி வந்தாலும் எடுப்பது அவள்தான். நீங்கள் கையுறை போடக் கூடாது, மருந்துப் பெட்டியைத் தொடக் கூடாது. உள்ளே போகும்போதே இரண்டு கையையும் விரித்து அவனுக்குக் காட்டுங்கள். ஒன்றும் இல்லை என்று அவன் பார்க்கட்டும். கொஞ்ச நாள் கையைத்தான் பார்ப்பான். ஒரு மாதம் கழித்து எழுதுங்கள், எங்கே பார்க்கிறான் என்று.