வெட்ட வெட்டத் துளிர்க்கும் உண்ணிச்செடி: வாசகர் கேள்விகள்

சென்னை நன்மங்கலம் காப்புக்காட்டு ஓரத்தில், வனத்துறை அனுமதியோடு எங்கள் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து, காட்டை மூடிப் பரவும் அயல் புதரான உண்ணிச்செடியை (லாண்டானா) வெட்டுகிறோம். தரையோடு வெட்டியும், ஒரு மழைக்குப் பிறகு முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்துவிடுகிறது. எங்கே தவறுகிறோம்?
வாசகி, மேடவாக்கம்

தரையோடு வெட்டுவதுதான் தவறு. தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியிலிருந்துதான் உண்ணிச்செடி துளிர்க்கும். அது மண்ணில் இருக்கும்வரை மேலே எத்தனை முறை வெட்டினாலும், ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளம்பும்.

முதலில் நீளக் கைப்பிடி அரிவாளால் வெளிக்கிளைகளைக் கழித்து, அடித்தண்டு தெரியும்படி செய்யுங்கள். கழுத்தைச் சுற்றி மண்ணை விலக்கி, அதற்குக் கீழே ஒன்றிரண்டு அங்குல ஆழத்தில் ஆணிவேரைக் கடப்பாரையாலோ சிறு கோடரியாலோ துண்டியுங்கள். முழு வேரையும் தோண்டி எடுக்கத் தேவையில்லை. மண்ணை அதிகம் கிளறினால் அதில் கிடக்கும் விதைகள் முளைத்துவிடும். பிடுங்கிய புதரை வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பாறை மீது காயப் போடுங்கள். ஈர மண்ணில் படுத்துக் கிடக்கும் தண்டு, கணுவில் வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும். தீ மட்டும் வைக்கவே கூடாது. காய்ந்த புல்லில் பற்றினால் காடே போய்விடும்.

மண் இளகியிருக்கும் மழைக்காலம் இந்த வேலைக்குத் தோதானது. காய் கறுத்துப் பழுக்கும் முன் முடிப்பது நல்லது. மைனாவும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்று, வந்து உட்காரும் மரங்களின் அடியில் விதையை எச்சமிடும். அதனால் அடுத்த மழைக்குப் பிறகு முதலில் பார்க்க வேண்டியது பெரிய மரங்களின் அடிநிலத்தைத்தான். விரல் நீள நாற்றாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். இப்படித் திரும்பிப் போய்ப் பார்க்காத குழுவின் உழைப்பு முழுக்க வீண். குறைந்தது இரண்டு மழைக்காலமாவது தொடர வேண்டும்.

இன்னொன்று, வெட்டும் முன் புதருக்குள் குனிந்து பாருங்கள். உண்ணியின் நிழலில், இந்தக் காட்டின் சொந்தச் செடிகளான வீரை, காசான், களா ஆகியவற்றின் கன்றுகள் ஒடுங்கி நிற்கும். சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைக்காவிட்டால், அரிவாளுக்கு முதலில் பலியாவது அவைதான். குருவிக் கூடு இருந்தால் அந்தப் புதரை அப்படியே விட்டுவிடுங்கள்.

உண்ணிச்செடியை அகற்றிய இடத்தில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து 200 மரக்கன்று நட ஆசைப்படுகிறோம். என்ன மரம் நடலாம்?
வாசகர், வேளச்சேரி

நடாமலே இருந்தால் என்ன என்று யோசியுங்கள். உண்ணியை அகற்றிய இடத்தில் ஒரு மழைக்காலம் காத்திருந்தால், என்னென்ன தானாக வருகிறது என்பது தெரியும். அப்படி வந்த கன்று தண்ணீர் கேட்காது. சென்னையின் காடு இயல்பிலேயே குட்டையான, முள்ளும் பாறையும் கலந்த புதர்க்காடு. வெட்டவெளியாகத் தெரியும் புல்வெளியும் காட்டின் பகுதிதான். கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமான் வாழ்வதற்கு அந்தத் திறந்த வெளி தேவை. அங்கே மரம் நடுவது கெடுதல்.

எதுவுமே முளைக்காத இடத்தில் மட்டும், வனத்துறையைக் கேட்டு, வீரை, பாலை, விளா, களா போன்றவற்றை நடுங்கள். ஒன்றரை அடிக் குழி போதும். பிளாஸ்டிக் பையை முழுதாகக் கிழித்தெடுத்து, உள்ளே சுருண்டிருக்கும் வேரை நறுக்கிவிட்டு நட வேண்டும். நட்ட பிறகு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா என்று முதலில் கணக்குப் பாருங்கள். பத்துப் பேருக்கு 200 கன்று மிக அதிகம்.

அனுமதி வாங்குவது எப்படி?
வாசகர், தாம்பரம்

வனச்சரக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். நாள், இடம், ஆட்களின் பட்டியல், கொண்டுபோகும் கருவிகள் எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் செடி வெட்டுவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான்.

பாம்பு பயமாக இருக்கிறதே?
வாசகி, பள்ளிக்கரணை

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள். கல்லைப் புரட்டுவதற்குக் கடப்பாரை இருக்கிறது. கணுக்காலை மூடும் ஷூ, தடித்த தோல் கையுறை கட்டாயம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடி அடிக்க வேண்டாம்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் மருத்துவமனையில் போடுவது ஒரே விஷமுறிவு மருந்துதான்.