‘உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை’: தேவகோட்டையிலிருந்து ஹை-ரெஸ் இசை வாங்கும் வழிகள்

தேவகோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மெல்போர்னில் இருக்கும் அவருடைய மகள், கோபஸ் இணையக் கடையில் ஒரு பியானோ ஆல்பத்தை ஹை-ரெஸ், அதாவது குறுந்தகட்டைவிட நுட்பமாகப் பதிந்த, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் வாங்கிப் பதிவிறக்கிக்கொண்டார். அதையே இவர் தம் கணினியிலிருந்து வாங்க முயன்றபோது, இந்தியாவில் விற்பனை இல்லை என்ற செய்திதான் வந்தது. பிரிட்டிஷ் கடை ஒன்றில் அந்த ஆல்பம் கிடைக்கிறது, ஆனால் விலை பவுண்டில் இருக்கிறது. மகள் கொடுத்ததைவிடக் கூடுதலாகவும் இருக்கிறது. பழைய நாகஸ்வரப் பதிவுகளும் இதே தரத்தில் வேண்டும் என்கிறார். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் வி.பி.என். போட்டு வாங்கலாமா, மகளையே வாங்கி அனுப்பச் சொல்லலாமா, இந்தப் பணத்துக்கு அது தகுமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, முதலில் கடை ஏன் மறுக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். மற்ற விடைகள் அதிலிருந்தே வரும். ஓர் ஒலிப்பதிவின் உரிமை அதை வெளியிட்ட நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த நிறுவனம் ஒரு பதிவிறக்கக் கடையோடு ஒப்பந்தம் செய்யும்போது எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்கிறது. இசைத்தட்டு வணிகத்தில் வட்டாரம் பிரித்து விநியோக உரிமை கொடுத்து வந்த பழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. ஒரு நாட்டில் கடை திறக்க வேண்டுமானால் ஒலிப்பதிவு உரிமை மட்டும் போதாது; பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளுக்கு அந்நாட்டில் பொறுப்பான அமைப்போடு, இந்தியாவில் பெரும்பாலும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தோடு, தனியாகப் பேச வேண்டும். வரிப் பதிவும் செய்ய வேண்டும். பிரான்சில் தொடங்கிய கோபஸ் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற நாடுகளில் இந்த வேலைகளை முடித்திருக்கிறது. அதன் நாட்டுப் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. நீங்கள் எந்த அட்டையைக் கொடுத்தாலும் அந்த விடை மாறாது.

வி.பி.என். யோசனையை விட்டுவிடுமாறு வலியுறுத்திச் சொல்கிறேன். வி.பி.என். பயன்படுத்துவது இந்தியாவில் குற்றமில்லை. ஆனால் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டி வாங்குவது, கணக்கு தொடங்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளை மீறுவதாகும். நடைமுறையிலும் அது நிலைக்காது, ஏனென்றால் கடைகள் இணைய முகவரியோடு அட்டை எந்த நாட்டு வங்கியுடையது என்பதையும் சரிபார்க்கின்றன. கணக்கு முடக்கப்பட்டால், அதுவரை வாங்கியவற்றை மீண்டும் பதிவிறக்கும் வசதியும் போய்விடும். மகள் கோப்பை வாங்கி அனுப்புவதும் ஏறக்குறைய இதே சிக்கல்தான். பதிவிறக்கக் கடைகள் பொதுவாக விற்பது வாங்கியவரின் சொந்தப் பயன்பாட்டுக்கான அனுமதியை. அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

குறுந்தகடு அப்படியல்ல. மகள் அங்கே காசு கொடுத்து வாங்கிய தகட்டை உங்களுக்குப் பரிசாகத் தருவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அஞ்சலில் வந்தால் சுங்கம் கேட்கலாம் என்பதால், முன்னோருக்கான படைப்புக்கோ சாந்திக் கல்யாணத்துக்கோ அவர் ஊருக்கு வரும்போது பெட்டியில் எடுத்து வரச் சொல்லுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அதை ஒரு பிட் கூடக் குறையாமல், தரம் கெடாமல் சுருக்கும் ஃப்ளாக் வகைக் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். குறுந்தகட்டின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பது ஹை-ரெஸ் இல்லைதான். ஆனால் அது, அந்த 44.1இல் பாதியான ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை முழுமையாகக் காக்கிறது. இளம் காதுகளுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதையும், வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பியானோ ஆல்பத்துக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் வழி இதுதான்.

பிரிட்டிஷ் கடையின் விலைக்கு வருகிறேன். ஐரோப்பியக் கடைகளும் பிரிட்டிஷ் கடைகளும் பக்கத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் தங்கள் நாட்டு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்திருக்கும். இந்திய முகவரியைக் கொடுத்தபின் அந்த வரி கழிய வேண்டும். ஆகவே கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் இந்தியாவில் பதிவு பெற்றிருந்தால், அதற்குப் பதிலாக 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும். அதற்கு மேல் உங்கள் வங்கி எடுப்பது இருக்கிறது. வெளிநாட்டு நாணயச் செலவுக்கு 3.5 விழுக்காடு கட்டணம் வசூலிக்கும் அட்டையில் 20 பவுண்டுக்கு வாங்கினால் 70 பென்ஸ் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு வரியாக ஏறக்குறைய 13 பென்ஸும் கூடி, 20 பவுண்டு 83 பென்ஸ் ஆகிவிடும். பணம் செலுத்தும் பக்கம் ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பவுண்டிலேயே செலுத்துங்கள். ரூபாய்க்கு மாற்றும் விகிதத்தை அங்கே விற்பவர் தரப்பு வைக்கிறது, அது பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். அட்டை மறுக்கப்பட்டால் பதற வேண்டியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே தரப்படுகிறது. வங்கிச் செயலியில் அதை இயக்கி, ஓர் உச்சவரம்பும் வைத்துவிட்டு வாங்குங்கள்.

ஒரே இசை மாதச் சந்தாவில் மலிவாகவும் பதிவிறக்கத்தில் விலை கூடியும் ஏன் இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது உங்கள் முடிவைப் பாதிக்கும். சந்தாவை நாட்டுக்கு நாடு வேறு விலையில் விற்க முடிகிறது, ஏனென்றால் பணம் நின்றால் பாட்டும் நின்றுவிடும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத கோப்பை இங்கே மலிவாக விற்றால் அது எல்லை தாண்டிப் போய்விடும் என்ற அச்சம் வெளியீட்டாளர்களுக்கு இருக்கிறது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல், கூடுதல் கட்டணம் இல்லாமல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை தருகிறது. அதன் இந்தியக் கட்டணம் அமெரிக்கக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அந்தப் பியானோ ஆல்பம் அங்கே இருந்தால், வாங்குவதற்கு முன் அதே தரத்தில் முழுவதும் கேட்டுப் பார்க்க அது சிக்கனமான வழி. ஆனால் அதே நிறுவனத்தின் ஐடியூன்ஸ் கடையில் ஆல்பத்தை விலைக்கு வாங்கினால் கிடைப்பது தரம் குறைத்துச் சுருக்கிய 256 கேபிபிஎஸ் ஏ.ஏ.சி. கோப்புதான், சந்தாவில் கேட்ட தரம் அதில் இருக்காது. இதை அறியாமல் பணம் கட்டுபவர்கள் நிறையப் பேர்.

நாகஸ்வரம் வேறு கதை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவர் காலத்தில் வெளிவந்தவை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள். இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆகவே 1956 வரை வெளியான தட்டுகளுக்கு அது 2016 முடிவோடு தீர்ந்துவிட்டது. அமெரிக்காவிலோ 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1956இல் வெளியான ஒலிப்பதிவு 2066 வரை பதிப்புரிமையில் இருக்கும். இங்கே தாராளமாகப் பகிரக்கூடிய ஒரு தட்டு அங்கே மறைக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்; இந்த ஒரு வகையில் தேவகோட்டையில் இருப்பது உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் இவற்றுக்கு ஹை-ரெஸ் விலை கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தட்டுகள் ஏந்திய இசை, குறுந்தகட்டின் எல்லைக்கு வெகு கீழேயே முடிந்துவிடுகிறது. நல்ல தட்டைத் தேர்ந்து, பொருத்தமான ஊசியில் ஓட்டி, வேகத்தைச் சரிபார்த்து மாற்றியவரின் உழைப்புக்குக் காசு கொடுங்கள்; 96 என்ற எண்ணுக்கு அல்ல.

இன்றைய கலைஞர்களின் இசையை வாங்க பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடை நல்ல இடம். கலைஞர் தாமே பதிவேற்றி விலை வைப்பதால் நாட்டுத் தடை பெரும்பாலும் வருவதில்லை. வாங்கிய ஆல்பத்தை ஃப்ளாக்காகவோ சுருக்காத வேவ் கோப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். மின்பதிவிறக்க விற்பனையில் கடை எடுப்பது 15 விழுக்காடு, கலைஞரின் விற்பனை கூடினால் 10 விழுக்காடு. பக்கத்தில் ‘24 பிட்’ என்று குறித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்கே வாங்கினாலும் அன்றே இறக்கி, இரண்டு வன்தட்டுகளில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் மட்டும் விற்றுவந்த இ-ஓன்கியோ கடை 2024இல் கோபஸோடு இணைக்கப்பட்டது. கடைகள் நிலையானவை அல்ல. 96 கிலோஹெர்ட்ஸில் 70 நிமிட ஆல்பம், சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ 2.4 ஜிகாபைட் இருக்கும். ஃப்ளாக் அதை வெகுவாகக் குறைத்துவிடும்.

வீட்டில் கேட்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் பளபளக்கும் சுண்ணச் சுவரும் உள்ள வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) ஒலி நெடுநேரம் எதிரொலிக்கும்; அங்கே 24 பிட்டின் நுட்பம் எதிரொலியில் கரைந்துவிடும். கனத்த ஜமுக்காளமும் திரையும் உள்ள சிறிய அறை, அல்லது கம்பியுள்ள நல்ல ஹெட்போன், பலன் தரும். புளூடூத் வழியே கேட்டால் ஹை-ரெஸ் அப்படியே வந்து சேராது. ஐபோனில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்க வெளியே பொருத்தும் டி.ஏ.சி., அதாவது கோப்பின் எண்களைக் கேட்கும் ஒலியாக மாற்றும் கருவி, தேவை.

கடைசியாக, வாங்கும் கோப்பு உண்மையில் ஹை-ரெஸ்தானா என்று பார்க்கும் முறை. முழு ஆல்பத்துக்கும் பணம் கட்டாமல் ஒரே ஒரு பாட்டை வாங்கி, ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். இடமிருந்து வலமாக நேரமும், கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும், வண்ணத்தில் ஒலியின் வலுவும் தெரியும். உண்மையான 96 கிலோஹெர்ட்ஸ் பதிவில் வண்ணம் மேலே போகப் போக மெல்ல மங்கும். குறுந்தகட்டுத் தரத்திலிருந்து ஊதிப் பெருக்கிய கோப்பில் 22 கிலோஹெர்ட்ஸ் அருகே கோடு கிழித்தாற்போல நின்று, அதற்கு மேல் வெறும் கறுப்பாக இருக்கும். 16 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றால் மூலம் எம்பி3 என்று சந்தேகிக்கலாம். பழைய தட்டுகளில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும்: கீறல்களின் ‘டக்’ ஓசை உச்சிவரை செங்குத்துக் கோடுகளாக எழும்பி, இல்லாத இசையை இருப்பதுபோலக் காட்டும். கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஊதிய கோப்பு என்று தெரிந்தால் அந்தப் படத்தைச் சேமித்து, அதையே இணைத்துக் கடைக்கு எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மீதி ஆல்பத்தை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.