ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ஸ்டீயரிங் தண்டைக் கழற்றுதல்: கேள்வி பதில்

இன்று ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான கார் அது. பேட்டரியைத் துண்டித்த பிறகுதான் எந்த வேலையும்.

கேள்வி (திருச்சி): டேஷ்போர்டுக்கு வார்னிஷ் பூச வேண்டும். ஸ்டீயரிங் தண்டை எப்படிப் பிரிப்பது?

பதில்: முன்சக்கரங்களை நேராக நிறுத்துங்கள். ஹார்ன் பொத்தானை எடுத்தால் உள்ளே ஸ்பிரிங்குடன் ஒரு சிறிய தொடுமுனை இருக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டீயரிங் வட்டைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்துவதற்கு முன், வட்டின் நடுப்பகுதியிலும் தண்டின் நுனியிலும் சென்டர் பஞ்சால் (புள்ளி குத்தும் கூர் உளியால்) ஒரு புள்ளி வையுங்கள். இல்லையென்றால் திரும்பப் பொருத்தும்போது வட்டு கோணலாக நிற்கும். நட்டை முழுவதும் கழற்ற வேண்டாம். சில சுற்றுகள் மட்டும் தளர்த்திவிட்டு வட்டை இரு கைகளாலும் மாறி மாறி அசைத்து இழுங்கள். திடீரென்று விடுபட்டாலும் நட்டு தடுத்துக்கொள்ளும், உங்கள் முகத்தில் அடிக்காது.

அடுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே வரும் இண்டிகேட்டர், விளக்கு ஒயர்களின் இணைப்புகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டிப் பிரித்துவிடுங்கள். தண்டு இரண்டு துண்டுகளால் ஆனது. இரண்டையும் ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதில் பூட்டு நட்டுடன் ஓர் ஆலன் திருகு (தலையில் அறுகோணக் குழி உள்ள திருகு) உண்டு. முதலில் அதை, பிறகு கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். கடைசியாக டேஷ்போர்டுக்குக் கீழுள்ள பிடிப்பான்களை எடுத்தால், வெளிக்குழாயோடு தண்டு உங்கள் பக்கம் வந்துவிடும். வந்த கையோடு உள்ளே தண்டைத் தாங்கி இருக்கும் நைலான் வளையங்களான புஷ்களைப் பாருங்கள். ஐம்பது ஆண்டு தேய்ந்தவற்றைத் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி (சேலம்): 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதுமா?

பதில்: போதாது. இது இன்ச் அளவு வண்டி. அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 வழுக்கி நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

கேள்வி (வேலூர்): வட்டு அசையவில்லை. தண்டின் நுனியில் சுத்தியலால் ஓங்கி அடிக்கலாமா?

பதில்: கூடாது. மரை நசுங்கும், அடி கீழே முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டமான ரேக் வரை இறங்கும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு வட்டை இழுத்தெடுக்கும் கருவியான புல்லர் போடுங்கள்.

கேள்வி (ஈரோடு): அம்பாசடருக்கும் இதே முறையா?

பதில்: இல்லை. பழைய அம்பாசடரில் கியர் மாற்றும் கம்பியும் ஸ்டீயரிங்கோடு சேர்ந்தே வரும். அந்த வண்டியைப் பிரித்துப் பழகியவரிடம் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): தண்டு கடகடவென்று ஆடியது. பட்டறையில் அந்தக் கிளாம்ப் இருந்த இடத்தை வெல்டிங் செய்துவிட்டார்கள். இப்போது கழற்ற முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: கழற்றுவது இரண்டாவது கவலை. அந்த வண்டியை இனி ஓட்டாதீர்கள். முன்பக்கம் மோதினால் ஒரு துண்டு மற்றொன்றுக்குள் நழுவி, தண்டு குறுக வேண்டும். அதற்காகத்தான் அதை இரண்டு துண்டாகச் செய்தார்கள். வெல்டிங் செய்த தண்டு குறுகாது. முன்பக்கம் நசுங்கும்போது ஈட்டியாக உங்கள் மார்புக்கு வரும். தண்டை அறுத்தெடுத்து வேறு தண்டு தேடிப் போடுங்கள்.

மறுப்பு (நாகர்கோவில்): என் வண்டியில் வெல்டிங் செய்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரு குறையும் இல்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: பதினைந்து ஆண்டுகள் நீங்கள் மோதவில்லை, அவ்வளவுதான். மோதாத வண்டியில் அந்தக் கிளாம்புக்கு எந்தச் சோதனையும் வராது. ஆட்டத்துக்கும் வெல்டிங் மருந்தல்ல. வட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடுகிறதா? புஷ் தேய்ந்திருக்கிறது. திருப்பும்போது சக்கரம் அசையாமல் வட்டு மட்டும் சற்றுச் சுற்றுகிறதா? கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், அல்லது கீழே உள்ள ரப்பர் இணைப்பு கிழிந்திருக்கலாம். இவை எல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள்.

மறுப்பு (நாகர்கோவில்): அந்தக் காலத்து வண்டிகள் எல்லாம் ஒரே கம்பிதானே? மக்கள் ஓட்டவில்லையா?

பதில்: ஓட்டினார்கள், மோதியபோது ஸ்டீயரிங் குத்தி இறந்தும் போனார்கள். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் அதைத் தவிர்க்க வழி செய்திருக்கிறார்கள். அதை நாமே அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): நுனியில் சுத்தியலால் மெதுவாகத் தட்டலாமா?

பதில்: வேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். மெதுவாகவும் கூடாது.

கேள்வி (கடலூர்): வெல்டிங் வேண்டாம் என்றால் கிளாம்பை இன்னும் பலமாக இறுக்கலாமா?

பதில்: கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும்.

கேள்வி (புதுச்சேரி): எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திவிட்டேன். ஹார்ன் மட்டும் அடிக்கவில்லை.

பதில்: ரப்பர் இணைப்பின் குறுக்கே ஒரு சிறிய எர்த் பட்டை இருக்க வேண்டும். ஹார்னின் மின்சாரம் தண்டு வழியாகத்தான் எர்த் ஆகிறது. ரப்பர் அதைக் கடத்தாது. பழைய இணைப்போடு பட்டையையும் தூக்கி எறிந்திருப்பீர்கள். ஒரு துண்டுச் செம்பு ஒயரை இரு பக்கமும் போல்ட்டுக்கு அடியில் வைத்து இறுக்குங்கள். வட்டை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஒயர் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டு பேட்டரியை இணையுங்கள்.