மட்டக்களப்பில் இருந்து ஒரு வருட உலகப் பயணம்: முதலில் டிக்கெட்டா, விசாவா?

கல்லடியில் இருந்து கேட்ட தம்பிக்கு: விசாதான். இலங்கைக் கடவுச்சீட்டோடு டிக்கெட்டை முந்தி எடுப்பது காசைக் கடலில் போடுகிற வேலை.

ஆனால் எல்லா விசாவையும் புறப்பட முன்னமே எடுத்து அடுக்கிவைக்கவும் ஏலாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதத்துக்கு முந்தி விண்ணப்பிக்க விடமாட்டார்கள். கிடைத்தாலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஜப்பானின் ஒருமுறை நுழைவு விசா, கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்தில் காலாவதி. அதனால் இறுக்கமான நாடுகளை முன்பாதியில் போடுங்கள். முன்விசா கேட்காத சிங்கப்பூர் கடைசிக்கு இருக்கட்டும். அமெரிக்காவில் வெறுமனே விமானம் மாறவும் விசா வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறது. அந்தக் கூட்டணியின் உலகச் சுற்று டிக்கெட்டில் 16 பறப்புகள் வரை, ஒரு வருடத்துக்குள் முடிக்கலாம்.

விசாவுக்குக் காட்டுகிற வங்கிக் கணக்கு இன்னொரு தலையிடி. சீட்டுக்காசையும் கனடா மாமா அனுப்பினதையும் கடைசிக் கிழமையில் மொத்தமாகப் போட்டால் விசா அதிகாரி சந்தேகப்படுவார். மாதாமாதம் போட்டு வாருங்கள்.

ஆபிரிக்கா, தென்னமெரிக்கா என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி. சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும்.

விசாவுக்குக் கைவிரல் அடையாளம் கொடுக்கக் கொழும்பு போகவேண்டிவரும். மார்கழி மழையில் ரயிலும் பாதையும் நிற்கலாம், அந்த மாதத்தில் திகதி எடுக்காதீர்கள்.