பத்து வெள்ளிப் பங்கு

அன்புள்ள டீச்சர்,

நான் கோலாலம்பூரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம், ஒரு தோட்டத்தில். லாபத்தோடு கம்பெனியின் நடத்தையையும் பார்த்துப் பணம் போடுகிற சமூகப் பொறுப்புள்ள முதலீடு இப்போது ஆசியாவிலும் பரவியிருக்கிறது. ஜப்பானின் அரசு ஓய்வூதிய நிதி 2017ல் இந்த வகைக் குறியீடுகளை, அதாவது அப்படித் தேர்ந்த கம்பெனிகளின் பட்டியல்களை, தேர்ந்தெடுத்துப் பணம் போட்டது. நம் மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவிலும் 2014 முதல் அப்படி ஒரு குறியீடு இருக்கிறது. நானும் அப்படிப்பட்ட ஒரு யூனிட் டிரஸ்டில், பலர் பணத்தைச் சேர்த்துப் பங்குகள் வாங்கும் நிதியில், சேமிக்க நினைத்தேன். அதன் பட்டியலில் அப்பா வேலை செய்த தோட்டத்துக் கம்பெனியின் பெயரும் இருந்தது. மனசு கேட்கவில்லை. வாங்கலாமா? லாபம் குறையும் என்கிறார்களே, உண்மையா? நம் தோட்டத்து மக்களுக்கு நகையையும் கூட்டு (சீட்டு) கட்டுவதையும் விட்டால் முதலீடு என்றால் என்னவென்றே தெரியாது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று எழுதியவர் கேட்டிருக்கிறார்.)

*

அன்பு மகளே,

போன வாரம் அம்மாவின் தகரப் பெட்டியை ஒழித்தபோது அப்பாவின் பழைய பங்குத் தாள் ஒன்று கிடைத்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, அம்மா பசை தடவி ஒட்டி வைத்திருந்தாள். அதை மேசையில் விரித்து வைத்திருந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது. அதன் கடைசி வரி என்னைச் சுட்டுவிட்டது.

லாபக் கணக்கை உன் வங்கியில் உன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேள். எனக்கு அந்த வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நம் மக்களுக்கு முதலீடு தெரியாது என்று உனக்கு யார் சொன்னது? சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அழுகை கேட்கும். வேலையோடு வீடும் போகும், வீட்டோடு கோயிலும் பள்ளிக்கூடமும் போகும். அப்போதுதான், 1960ல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த மனிதர், உன் ஊர்க்காரர்! தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, நம் நாட்டுப் பணத்தில். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அப்படிச் சேர்ந்த காசில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் அந்த மரத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

அந்தப் பத்து வெள்ளி எப்படி வந்தது தெரியுமா? அப்பா விடியுமுன் பால் வெட்டி, மத்தியானம் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கி, சாயங்காலம் சீனன் கடைக்கு மூட்டை தூக்கினார். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் கருவாடுகூட இருக்காது. ஆனாலும் பத்து வெள்ளி தனியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். லாபப் பங்கு எவ்வளவு வரும் என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பக்கத்துத் தோட்டத்தைத் துண்டு போட்டுவிட்டார்கள், நம்மதையாவது நாமே வாங்கணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நீ இன்று பெரிய பெயர் வைத்துக் கூப்பிடுகிறாயே, அதைத்தான் எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் கைநாட்டு வைத்துச் செய்தார். அவர் பேத்தி வயசுப் பெண் நீ, இப்படி எழுதலாமா?

சரி, உன் கம்பெனிக்கு வருகிறேன். மதுவும் சூதாட்டமும் நடத்தும் கம்பெனிகளை ஒதுக்கிப் பட்டியல் போடுவது நம் நாட்டுக்குப் புதிதில்லை. இஸ்லாமியச் சட்டத்துக்கு ஒத்த கம்பெனிகளைச் சொல்லும் ஷரியா பட்டியல் 1997 முதல் வருகிறது. ஒரு கம்பெனி என்ன விற்கிறது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். தன் ஆளை எப்படி நடத்துகிறது என்பது அங்கிருந்து தெரியாது. எங்கள் அம்மா களைக்கு மருந்தடித்தவள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. நகம் கறுத்து, ஒவ்வொன்றாகக் கழன்றது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். அந்தத் தோட்டத்தின் ஆண்டறிக்கையில் அந்த விரல்கள் எங்கே வரும்? அந்த மருந்துக்கு 2002ல் தடை என்றார்கள், 2006ல் தளர்த்தினார்கள், 2020ல்தான் முழுசாக நிறுத்தினார்கள். நார்வேயின் ஓய்வூதிய நிதி 2012லேயே 23 செம்பனை (பாமாயில்) கம்பெனிகளின் பங்குகளை விற்றது. அது அழியும் காட்டுக்காக. நல்லதுதான். இங்கே வேலை செய்கிற மனிதருக்காக அமெரிக்கா நம் இரண்டு செம்பனைக் கம்பெனிகளின் எண்ணெயைத் தடுத்தது 2020ல். மரத்துக்கு முதலில் பேசினார்கள், மனிதருக்கு அப்புறம்தான்.

வாங்கலாமா என்று கேட்டாய். நீ வாங்காவிட்டாலும் சம்பளத்தில் பிடிக்கும் உன் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி செம்பனைத் தோட்டங்களில்தான் கிடக்கிறது. அதனால் கை கழுவிவிட்டேன் என்று ஒதுங்க உனக்கு வழியில்லை. வாங்கு. வாங்கிவிட்டு அந்த நிதியை நடத்துபவருக்குக் கடிதம் எழுது. இப்போது நம் லயத்தில் இருப்பது வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களுடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) யார் கையில் இருக்கிறது, வேலைக்கு வர ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினார்கள், அதைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேள். பதில் வராவிட்டால் மறுபடி எழுது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவள் நீ. உனக்குத் தெரிந்த கேள்வி அந்த நிதியில் வேறு யாருக்கும் தோன்றாது.

இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது உன் தாத்தாவின் பெட்டியைத் திறக்கச் சொல். பிறப்புச் சூராவுக்கும் (பிறப்புச் சான்றிதழ்) சிவப்பு ஐசிக்கும் (அடையாள அட்டை) அடியில் பார். தாள் இருந்தால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
டீச்சர்