மகளைக் கால்பந்து அகாடமி கூப்பிடுகிறது: கார்டிஃபில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு இந்த வருடம் ஜிசிஎஸ்இ, அதாவது பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு, முடிகிறது. செவர்ன் பாலத்துக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், ஒரு கால்பந்து கிளப்பின் இளையோர் பயிற்சி அகாடமி அவளைக் கூப்பிடுகிறது. அவள் அப்பா வேண்டாம் என்கிறார், அவள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ‘ஜெஸ் ஃபிஷ்லாக் மாதிரி வருவேன் என்கிறாள், அதெல்லாம் ஒரு வேலையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான். ஆனால் ஓர் ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ சேர்ந்து, படிப்படியாக மேலே போகும் வேலை அல்ல. உங்கள் மகள் சொன்ன பெயரை வைத்தே பார்ப்போம். அவள் நல்ல ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

வேல்ஸின் புகழ்பெற்ற கால்பந்து வீராங்கனையான ஃபிஷ்லாக் உங்கள் ஊர்க்காரர். 1987-ல் கார்டிஃபில் பிறந்தவர். 2006-ல் வேல்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். இருபது வயதைத் தாண்டியதும் நெதர்லாந்தின் ஏஇசட் அல்க்மாருக்குப் போய் அங்கே இரண்டு முறை லீக் பட்டம் வென்றார். அப்புறம் பிரிஸ்டல், அதன் பிறகு ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன். 2013-ல் அமெரிக்காவில் புதிய பெண்கள் லீக் தொடங்கியபோது சியாட்டில் அணியில் சேர்ந்தார். அதுதான் அவருடைய நிலையான வீடாக இருந்தது என்றாலும், இடையிடையே லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட, கிளாஸ்கோ, பிராங்பர்ட், லியோன், ரெடிங் என்று போய் ஆடிவிட்டு வந்தார். அமெரிக்காவில் சீசன் முடிந்தால் ஆஸ்திரேலியாவில் சீசன் தொடங்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே கிளம்பிவிடுவார்.

ஏன் இவ்வளவு அலைச்சல்? ஊர் சுற்றும் ஆசை மட்டுமல்ல. அந்த அமெரிக்க லீக்கின் முதல் வருடத்தில் குறைந்தபட்ச சம்பளம் ஒரு சீசனுக்கு 6,000 டாலர். அதை வைத்து வாடகைகூடக் கட்ட முடியாது. 2025-ல் அதே லீக்கில் குறைந்தபட்சம் 48,500 டாலர், 2030-ல் அது 82,500 ஆகும் என்று வீராங்கனைகளின் சங்கம் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2013-லிருந்து 2025-க்குள், பன்னிரண்டு வருடத்தில் எட்டு மடங்கு. உங்கள் மகள் நுழையப்போவது ஃபிஷ்லாக் நுழைந்த உலகம் அல்ல என்பதை அவள் அப்பாவிடம் இந்த எண்களோடு சொல்லுங்கள்.

ஆனால் ஒரு செய்தித் தலைப்பை நம்பி ஏமாந்துவிட வேண்டாம். 2023 தொடக்கத்தில் வேல்ஸ் கால்பந்து சங்கம் ஆண், பெண் தேசிய அணிகளுக்குச் சம ஊதியம் அறிவித்தது. அதற்காக ஆண்கள் அணியினர் தங்கள் ஊதியத்தில் கால் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் அது தேசிய அணிக்கு ஆடும்போது கிடைக்கும் பணம். மாதாமாதம் வீட்டு அடுப்பை எரியவைப்பது கிளப் சம்பளம்தான். கார்டிஃப், சுவான்சி, ரெக்ஸம் பெண்கள் அணிகள் எல்லாம் ஆடுவது வேல்ஸின் உள்நாட்டு லீக்கான அட்ரான் பிரீமியரில். அங்கே ஆடும் பலர் பகலில் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். முழுநேரத் தொழிலாக ஆட வேண்டுமானால் பெரும்பாலும் இங்கிலாந்துக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டும். அதனால் அவள் பாலம் தாண்டிப் போக நினைப்பது பிடிவாதம் அல்ல, இந்தத் தொழிலின் பாதையே அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் பயங்களில் நான் முழுதாக ஒப்புக்கொள்வது முழங்கால் பற்றியது. ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கிழிந்தால் ஒன்பது மாதம், ஒரு வருடம் போய்விடும். ஃபிஷ்லாக்குக்கு 2019-ல், 32 வயதில் அது நடந்தது. இரண்டு வருடம் கழித்து, 34 வயதில், அமெரிக்க லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் நடந்த யூரோ என்ற ஐரோப்பிய நாடுகளின் போட்டியில் பிரான்ஸுக்கு எதிராக அவர் அடித்ததுதான் பெரிய போட்டியொன்றில் வேல்ஸ் பெண்கள் அணியின் முதல் கோல். அப்போது அவருக்கு 38 வயது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வேல்ஸ் அணிக்குப் பல வருடம் தலைமை தாங்கிய சோஃபி இங்கிள், 2024 செப்டம்பரில் அதே காயம் பட்டு, அந்த சீசன் முடிந்ததும் செல்சி கிளப்பிலிருந்து ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வந்தார். யூரோவுக்குள் உடல் தேறி வேல்ஸ் அணியில் இடம் பிடித்தார், பிரிஸ்டல் சிட்டியில் சேர்ந்தார். நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கே இப்படி என்றால், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள்.

அதனால் படிப்பை விடக் கூடாது. இதில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன், உங்கள் மகளிடமும் இதையேதான் சொல்வேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ-லெவல் படிப்பை முடிக்கட்டும். மூன்று பாடம் போதும், எண்ணிக்கைக்காக நான்கு எடுத்து அவளைத் திணறடிக்க வேண்டாம். அப்புறம் பல்கலைக்கழகமும் ஆட்டமும் சேர்ந்தே போகலாம். லிவர்பூலுக்கும் வேல்ஸுக்கும் ஆடும் கெரி ஹாலண்ட், அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டுத்தான் தொழில்முறைக்கு வந்தார். அந்த வழி மனதில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: முன்னதாகவே தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடும் தகுதி பாதிக்கப்படலாம். கையெழுத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

பயிற்சியாளர் உரிமமும் இப்போதே தொடங்கக்கூடியது. வேல்ஸ் சங்கத்தின் பயிற்சியாளர் படிப்புக்கு வெளியே நல்ல மதிப்பு உண்டு, பிரான்ஸின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் தியெரி ஆன்ரியே அங்கே வந்துதான் படித்தார். ஃபிஷ்லாக் மெல்பர்ன் சிட்டியில் ஆடிக்கொண்டே பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றவர்.

கல்யாணம், குழந்தை என்று கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவாக அது உங்களுக்குத் தோன்றுவதில் தவறில்லை. வேல்ஸ் வீராங்கனை ஹெலன் வார்ட் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பிரசவத்துக்குப் பிறகும் திரும்பி வந்து வேல்ஸுக்கு ஆடி, மொத்தம் 105 ஆட்டங்களில் 44 கோல் அடித்துவிட்டு ஓய்வு பெற்றார். இப்போது 2021 முதல், குறைந்தது 14 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தர வேண்டும் என்று ஃபிஃபா விதியே இருக்கிறது.

சரி, அடுத்த வாரம் அகாடமியில் சந்திப்பு இருக்கிறது என்றீர்கள். ‘என் பெண் முதல் அணிக்கு வருவாளா?’ என்று கேட்காதீர்கள், அதற்கு யாராலும் உண்மையான பதில் சொல்ல முடியாது. பயிற்சி நேரமும் பள்ளி நேரமும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும்? காயம் பட்டால் அறுவை சிகிச்சைக்கும் பிசியோவுக்கும் யார் பணம் கொடுப்பார்கள், எத்தனை மாதம் வரை? கடந்த ஐந்து வருடத்தில் இங்கே இருந்த பெண்கள், ஆட்டத்தில் தொடராதவர்களும் சேர்த்து, இப்போது என்ன செய்கிறார்கள்? ஒப்பந்தம் என்று பேச்சு வந்தால் காகிதத்தை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்பது விதி.

அவள் அப்பாவையும் கூட்டிப் போங்கள். மகளும் வரட்டும், இந்தக் கேள்விகளில் பாதியை அவளே கேட்கட்டும். வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், பதில்களை வைத்துக்கொண்டு அடுத்ததைப் பேசுவோம். இன்றைக்கு முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள்.