வாசகர் கேள்விகள்: திரையில் கேட்கும் நெல்லைத் தமிழ்

வாசகர், அம்பாசமுத்திரம்: திரைப்படங்களில் நெல்லைத் தமிழ் என்று பேசப்படுவது பெரும்பாலும் நம் காதுக்கு ஒட்டாமல் போவது ஏன்? எந்தப் படத்தைத் தாங்கள் விதிவிலக்காகச் சொல்வீர்கள்?

பதில்: வாக்கியத்தின் முன்னும் பின்னும் ஒரு 'ஏலே' சேர்த்துவிட்டால் அது நெல்லைத் தமிழாகிவிடும் என்று வசனம் எழுதுவோர் பலர் நம்புகிறார்கள். நம் பேச்சைக் காட்டிக்கொடுப்பது வினைச்சொல் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் 'சொல்றேன்', 'பாக்கிறேன்' என்னும் இடத்தில் நாம் 'சொல்லுதேன்', 'பாக்குதேன்' என்கிறோம்; மரியாதைக்குரியவர் வருவதை 'வாராவ' என்றும், அவர் வீட்டில் இருப்பதை 'இருக்காவ' என்றும் சொல்கிறோம். திரையில் ஒரு பாத்திரம் 'ஏலே, நான் சொல்றேன்ல, அவங்க வர்றாங்க' என்று பேசும்போது, முதற்சொல்லில் நெல்லைச் சந்திப்பில் ரயிலேறியவர் அடுத்த சொல்லிலேயே தாம்பரத்தில் இறங்கிவிடுகிறார். தவிர, 'ஏலே' என்று யாரை அழைக்கலாம், யாரை அண்ணாச்சி என்றுதான் அழைக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குத் தெரியாமல் எழுதிய உருக்கமான காட்சிகளில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

விதிவிலக்கு என்றால் 'பாபநாசம்' (2015) உடனே நினைவுக்கு வருகிறது. (தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் அன்று, தாமிரபரணி மலையிறங்கும் நம் பாபநாசம் என்பதை வெளியூர் நண்பர்களுக்கு இன்னமும் விளக்க வேண்டியிருக்கிறது.) ஜெயமோகன் வசனம் எழுத, நம் ஊர் எழுத்தாளர் சுகா வட்டார வழக்கில் துணைநிற்க, கமல்ஹாசன் அந்தக் கேபிள் டிவிக்காரர் சுயம்புலிங்கத்தை உழைத்துப் பேசியிருந்தார். ஓரிரு இடங்களில் பேச்சு நாகர்கோவில் பக்கம் சாய்ந்ததாக எனக்குப் பட்டது. ஆயினும் நான் அதற்கு மேலே வைப்பது 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தைத்தான். அதில் நாயகனின் தந்தையாக, பெண் வேடமிட்டு ஆடும் கலைஞராக வந்த தங்கராஜ், வாழ்க்கையிலும் அதே ஆட்டக்கலைஞராக இருந்தவர், 2023-இல் மறைந்தார். மகன் படிக்கும் கல்லூரியில் கூனிக் குறுகி நின்று அவர் பேசும் சில சொற்களில் இருந்த இழுவையை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

வாசகி, பாளையங்கோட்டை: அப்படியானால், நெல்லைத் தமிழ் பேசிய நடிகர்களில் தங்கள் மனத்தில் முதலிடம் யாருக்கு? ஒரு கதாநாயகரின் பெயரை எதிர்பார்க்கிறேன்.

பதில்: ஏமாற்றத்தைப் பொறுத்தருள்க, என் முதலிடம் 2021-இல் மறைந்த நெல்லை சிவாவுக்கு. 'கண்ணும் கண்ணும்' (2008) படத்தில் கிணற்றைக் காணவில்லை என்று வடிவேலு புகார் கொடுக்க, அதை விசாரிக்க வரும் காவல் அதிகாரியை யாரால் மறக்க முடியும்? அந்த நகைச்சுவை நிற்பதே, இல்லாத கிணற்றை அவர் அத்தனை பொறுப்போடு நம் ஊர்க் குரலில் விசாரிப்பதால்தான். இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். வல்லநாட்டில் பிறந்து, விமானப்படையில் பணிபுரிந்து, பிறகு நடிக்க வந்த டெல்லி கணேஷ், 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்தில் பாலக்காட்டுத் தமிழைப் பிசகாமல் பேசினார். நம் பக்கத்துக் காது எவ்வளவு கூர்மையானது என்பதற்கு அதுவே எனக்குச் சாட்சி.

வாசகர், கடையநல்லூர்: இரவு ஏழு மணி ஆனால் எங்கள் வீட்டில் ஆச்சி தொடர்களின் முன் அமர்ந்துவிடுகிறார், பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஒதுங்கிவிடுகிறார்கள். எல்லோரும் கூடிப் பார்த்த காலம் இனி வராதா?

பதில்: கூடிப் பார்த்ததற்கு, வளவுக்கு (பல வீடுகள் சேர்ந்த குடியிருப்புக்கு) ஒரு பெட்டி மட்டுமே இருந்ததும் காரணம். சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியும் அதன் அலை நம்மை எட்டவில்லை. 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபின், நெடிய இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பி, புரியாத சிங்களச் செய்தியைக்கூடப் பட்டாசல் (வீட்டுக் கூடம்) நிறைய அமர்ந்து பார்த்தோம். கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகே வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் எல்லாம் நமக்குக் கிடைத்தன.

தொடர்கள் நேரத்தைத் தின்பதைவிட, அவற்றில் எல்லா ஊர்க்காரரும் ஒரே தமிழ் பேசுவதுதான் என் வருத்தம். அதைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகள் 'பண்ணுதேன்' என்பதை விட்டுப் 'பண்றேன்' என்கிறார்கள். ஆனால், தொடரில் வரும் மாமியாரைப் பார்த்து உங்கள் ஆச்சி, 'கோட்டிக்காரி, என்ன பேச்சுப் பேசுதா பாரு' என்று ஏசுவார் அல்லவா? அதைக் கேட்பதற்காகவாவது பிள்ளைகளை அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார வையுங்கள். தொடரைவிட அந்த உரை நன்றாக இருக்கும்.

வாசகர், வள்ளியூர்: திரையரங்குக்குச் செல்வதா, ஓடிடியில் வரும்வரை காத்திருப்பதா?

பதில்: மற்ற படங்களுக்கு உங்கள் வசதிபோல் செய்யுங்கள். நம் ஊர்ப் பேச்சு வரும் படத்தை மட்டும் நெல்லைத் திரையரங்கில் பாருங்கள். 'பாபநாசம்' பார்த்தபோது எனக்குப் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், கமல்ஹாசனுக்கு இரண்டு இடங்களில் உரக்கத் திருத்தம் சொன்னார். அவற்றில் ஒன்று சரியானதுதான்.